புதுக்கோட்டைக்கு எம்.பி. இருந்த கடைசி சபை

எங்கள் மாவட்டத்துக்கு எம்.பி. கிடையாது. ஹாஸ்டலில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "எம்.பி. இல்லாத மாவட்டம் எங்கடா இருக்கு?" என்று சிரிக்கிறார்கள். இருக்கிறது நண்பர்களே, அதன் பெயர் புதுக்கோட்டை. மொத்தம் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். அதில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில். அறந்தாங்கி ராமநாதபுரத்தில். விராலிமலை கரூரில். ஒரு சட்டிச் சோற்றை நாலு வீட்டுக்குப் பங்கு வைத்த மாதிரி.

நான் ஆலங்குடிப் பக்கம். 2024-ல் என் முதல் ஓட்டை சிவகங்கை எம்.பி. தேர்தலில்தான் போட்டேன். சிவகங்கை ஊருக்கு இதுவரை ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் பஸ் மாறுவதற்கு :)

ஒரு காலத்தில் சமஸ்தானமாக இருந்த ஊர் எங்களுடையது. தொண்டைமான் ராஜாக்கள் ஆண்டு, 1948-ல் இந்தியாவோடு இணைந்தது. முதல் மக்களவைத் தேர்தலில் இருந்தே எங்களுக்குத் தனித் தொகுதி உண்டு. (தனி என்றால் ரிசர்வ் என்ற அர்த்தத்தில் இல்லை, எங்களுக்கே எங்களுக்கு என்ற அர்த்தத்தில்.) கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். உமாநாத் 1962-லும் 1967-லும் இங்கிருந்துதான் டெல்லிக்குப் போனார். 2004-ல் ஜெயித்தவர் தி.மு.க.வின் ரகுபதி. மத்திய இணை அமைச்சராகவும் இருந்தார். அவருக்குப் பிறகு 'புதுக்கோட்டை எம்.பி.' என்று ஒருவரும் இல்லை. 2008-ல் தொகுதி மறுவரையறை நடைமுறைக்கு வந்து, அந்தப் பெயரே பட்டியலில் இருந்து போய்விட்டது. எங்களோடு சிவகாசி, பழனி, பெரியகுளம், ராசிபுரம், திருச்செங்கோடு, கோபிசெட்டிபாளையம், திண்டிவனம், வந்தவாசி, நாகர்கோவில், திருச்செந்தூர் எல்லாமும் போயின. ஆனால் அங்கெல்லாம் பக்கத்திலேயே விருதுநகர், தேனி, நாமக்கல், ஈரோடு என்று புதுத் தொகுதிகள் முளைத்தன. எங்களுக்கு ஒன்றும் முளைக்கவில்லை.

தாத்தா இதைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்ப்பார். "நமக்குன்னு ஒரு ஆளு இருந்தாரு தம்பி. செஞ்சாரோ செய்யலையோ, வையிறதுக்காச்சும் ஒரு ஆளு இருந்தாரு." 2009 தேர்தலில் எங்கள் பக்கம் நிறையப் பேர் வாக்குச்சாவடிக்குப் போய் 49-ஓ கேட்டார்கள். 'நோட்டா' பொத்தான் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் யாருக்கும் ஓட்டு இல்லை என்பவர், அதிகாரியிடம் வாயால் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரகசியமெல்லாம் கிடையாது, எல்லாக் கட்சி ஏஜெண்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாத்தாவும் அப்படிப் போட்டுவிட்டு வந்தவர்தான்.

நான் பிறந்தது 2004. அந்த வருஷம் மே மாதம் பிறந்த பதினான்காவது மக்களவைதான் எங்கள் ஊருக்கு ஆள் இருந்த கடைசி சபை. அப்படி என்னதான் செய்தார்கள் அந்த 543 பேர் என்று பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன். செமஸ்டர் லீவ் முழுக்க அதிலேயே போய்விட்டது.

முதலில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்ப்போம். காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. வெறும் ஏழு சீட்டு வித்தியாசம். மார்க்சிஸ்ட் கட்சிக்கு 43, சமாஜ்வாதிக்கு 36. மார்க்சிஸ்ட், இ.கம்யூ., இன்னும் இரண்டு சின்ன இடதுசாரிக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து வெளியில் இருந்து தாங்கிப் பிடித்த ஆட்சி. தமிழ்நாட்டின் 39-ம் ஒரே அணிக்கு: தி.மு.க. 16, காங்கிரஸ் 10, பா.ம.க. 5, ம.தி.மு.க. 4, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் தலா 2. அ.தி.மு.க.வுக்குச் சைபர். பெண்கள் 45 பேர்.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று. அந்தச் சபையில் மூன்று முன்னாள் பிரதமர்கள் உறுப்பினர்கள்: வாஜ்பாய், சந்திரசேகர், தேவகவுடா. ஆனால் நடப்புப் பிரதமர் மன்மோகன் சிங் உறுப்பினர் இல்லை! அவர் மாநிலங்களவை. அதனால் தன் ஆட்சி பிழைக்குமா சாயுமா என்ற வாக்கெடுப்பிலேயே அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பிற்கால முதல்வர்களின் நர்சரி என்றும் அந்தச் சபையைச் சொல்லலாம். நிதிஷ் குமார், சிவராஜ் சிங் சவுகான், மம்தா பானர்ஜி, அகிலேஷ் யாதவ், ஒமர் அப்துல்லா, சந்திரசேகர ராவ், யோகி ஆதித்யநாத் எல்லாரும் அங்கே எம்.பி.க்கள். மேற்கு வங்கத்தில் மம்தாவின் கட்சியில் அந்தத் தேர்தலில் ஜெயித்தது அவர் ஒருவர்தான். பேச விடவில்லை என்று 2005 ஆகஸ்டில் துணை சபாநாயகரை நோக்கிக் காகிதங்களை வீசி எறிந்தார். 2009-ல் 19 எம்.பி.க்கள், 2011-ல் முதல்வர். சினிமாக்காரர்களும் உண்டு: தர்மேந்திரா, கோவிந்தா, வினோத் கன்னா, ஜெயப்பிரதா. அவர்களைப் பற்றி எழுத பெரிதாக ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு எம்.பி. கையில் உண்மையில் என்ன இருக்கிறது? அமைச்சராக இல்லாத, கட்சித் தலைவராக இல்லாத, பின் வரிசையில் உட்காரும் சாதாரண எம்.பி. கையில்? தொகுதி மேம்பாட்டு நிதி என்று அப்போது வருஷத்துக்கு 2 கோடி ரூபாய். அதை விட்டால் இரண்டே இரண்டுதான். ஒரு கேள்வி, ஒரு ஓட்டு. இந்த இரண்டுக்கும் என்ன நடந்தது என்பதுதான் என் பார்வையில் பதினான்காவது மக்களவையின் முழுக் கதை.

கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எம்.பி.க்கள் எழுதிக் கொடுத்தவற்றில் எது வரும் என்று குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். ஆலங்குடியில் ஒரு ரோடு ஏன் பாதியில் நிற்கிறது என்று ஒரு எம்.பி. எழுதிக் கொடுத்து, அது குலுக்கலிலும் தேறிவிட்டால், டெல்லியில் ஒரு அமைச்சகமே உட்கார்ந்து ஃபைல் தேட வேண்டும். நம்மை மாதிரி ஆட்களின் சத்தம் அவ்வளவு தூரம் போய்ச் சேர இருக்கிற ஒரே குழாய் அதுதான்.

2005 டிசம்பர் 12-ம் தேதி ஆஜ் தக் சேனலில் ஒரு ரகசிய கேமரா நிகழ்ச்சி வந்தது. கோப்ராபோஸ்ட் ஆட்கள் இல்லாத ஒரு சங்கத்தை உருவாக்கி, சிறு தொழில் அதிபர்களின் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொண்டு எம்.பி.க்களிடம் போயிருக்கிறார்கள். "எங்களுக்காகச் சபையில் கேள்வி கேளுங்கள், பணம் தருகிறோம்." பதினோரு பேர் வாங்கினார்கள். பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. குறைந்தபட்சம் 15,000 ரூபாய், அதிகபட்சம் 1,10,000.

இதில் கட்சி வித்தியாசமே இல்லை. மக்களவைப் பத்தில் பா.ஜ.க. ஐந்து, பகுஜன் சமாஜ் மூன்று, காங்கிரஸ் ஒன்று, ராஷ்டிரிய ஜனதா தளம் ஒன்று. ஆளும் அணியும் உண்டு, எதிரணியும் உண்டு. நாட்டில் வேறு எதிலும் வராத ஒற்றுமை.

கேட்கச் சொன்ன கேள்விகள்தான் கொடுமை. நிருபர்கள் வேண்டுமென்றே கிறுக்குத்தனமாக எழுதியிருக்கிறார்கள். 'கேட்ச்-22' நாவலின் நாயகன் யோசாரியன் பெயரில் ஒரு டீசல் எஞ்சினை ஜெர்மனியில் இருந்து ரயில்வே வாங்கப் போகிறதா என்று ஒரு கேள்வி! பணம் வாங்கியவர் ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால்கூட 'இது என்னய்யா எஞ்சின்?' என்று கேட்டிருப்பார். படிக்கவே இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஒரு எம்.பி.யின் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் (படிகள் தனி). 2006-ல் அதை 16,000 ஆக்கினார்கள். அதாவது பதினோரு பேரில் மிகக் குறைவாக வாங்கியவர் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்துக்கு விற்றிருக்கிறார். இதை ரூமில் படித்துக் காட்டியபோது என் நண்பன் ஒருவன் சொன்னது: "மச்சான், ரொம்ப சீப்பா போயிட்டானுங்கடா." எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், பத்துப் பேருக்கும் பின்னால் ஒவ்வொரு தொகுதி இருந்திருக்கும். அதில் எங்கள் தாத்தா மாதிரி எத்தனை பேரோ. அவர்களுடைய கேள்விக்கான இடம் அது. அந்த வாரக் குலுக்கலில் டீசல் எஞ்சின் உட்கார்ந்துகொண்டதால் எந்த ஊர் ரோடு வெளியே தள்ளப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வேகமாக நடந்தது. பவன் குமார் பன்சால் தலைமையில் ஒரு குழு. 23-ம் தேதி பத்துப் பேரையும் நீக்கியாயிற்று. ஒளிபரப்பான நாளில் இருந்து பதினோரு நாள். குழுவில் இருந்த பா.ஜ.க.வின் வி.கே. மல்ஹோத்ரா உடன்படவில்லை, நடைமுறை போதாது என்றார். அவர் கட்சி வெளிநடப்பு செய்தது. நீக்கப்பட்டவர்கள் சுப்ரீம் கோர்ட் போனார்கள். உறுப்பினரை நீக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு என்று 2007 ஜனவரி 10-ல் தீர்ப்பு வந்தது. நாலு நீதிபதிகள் ஆம், ஒருவர் இல்லை.

இதற்கு முன்னால் இப்படி நடந்ததா என்று தேடினால் 1951 வரை போக வேண்டியிருக்கிறது. எச்.ஜி. முட்கல் என்பவர் பம்பாய் தங்க வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகப் பணம் வாங்கிக் கேள்வி கேட்டார் என்று விசாரணை. நீக்குவதற்குள் அவரே ராஜினாமா செய்துவிட்டார். 2023 டிசம்பரில் மஹுவா மொய்த்ராவை நீக்கியபோது எல்லோரும் 2005-ஐத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர் விஷயம் வேறு மாதிரி. அவர் குற்றச்சாட்டை மறுத்தார், 2024-ல் அதே தொகுதியில் மீண்டும் ஜெயித்தும் வந்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

இனி ஓட்டு.

ஒரு எம்.பி.யின் ஓட்டு அவருடையது என்றுதான் நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ப்ளஸ் டூ புத்தகம் அப்படித்தான் தொனிக்கும். 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு நிலைமை வேறு. கொறடா உத்தரவு போட்டால் அதன்படிதான் ஓட்டு. மீறினால் பதவியே போகலாம். ஹரியானாவில் ஒரே நாளில் கட்சி மாறி மாறித் தாவிய கதைகள் எல்லாம் நடந்த நாடு இது, அதனால் சட்டம் தேவைதான். ஆனால் விலை? உங்கள் எம்.பி.க்கு உங்கள் ஊர் ஒன்று சொல்லி, கட்சி வேறு சொன்னால், கட்சி சொல்வதுதான் நடக்கும். ஊரால் அவரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் தண்டிக்க முடியும். கட்சியால் அடுத்த மாதமே முடியும்.

2008-ல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் வேண்டாம் என்று இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். சுமார் அறுபது எம்.பி.க்கள் ஒரே நாளில் போனால் எந்த ஆட்சி நிற்கும்? சமாஜ்வாதி கை கொடுத்தது. அப்படியும் கணக்கு இழுபறி. ஜூலை 21, 22-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. அந்த வீடியோக்களை இப்போதும் யூட்யூபில் பார்க்கலாம். நான் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து பார்த்தேன், கிரிக்கெட் மேட்ச் தோற்றது போங்கள். கொலை வழக்கு உட்படப் பல வழக்குகளில் சிறையில் இருந்த எம்.பி.க்களைக்கூட ஓட்டுப் போட அழைத்து வந்திருக்கிறார்கள். அவ்வளவு நெருக்கடி. ஒமர் அப்துல்லா பேசிய அந்தச் சில நிமிடங்கள் மட்டும் சபையே கவனித்த மாதிரி இருந்தது. அவர் அப்போது சின்ன கட்சி ஒன்றின் ஆள், சின்ன வயசு.

22-ம் தேதி மாலை பா.ஜ.க. எம்.பி.க்கள் மூன்று பேர் பையைத் திறந்து கட்டுக் கட்டாக நோட்டுகளை எடுத்துச் சபையின் நடு மேஜையில் கொட்டினார்கள். ஒரு கோடி ரூபாய். வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருக்க எங்களுக்குக் கொடுத்த லஞ்சம் என்றார்கள். மக்களவை டிவி 2006-ல் ஆரம்பித்திருந்ததால் நாடே நேரடியாகப் பார்த்தது. பிரதமர் பதிலுரையைப் படிக்க முடியாமல் மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஓட்டெண்ணிக்கை: ஆதரவு 275, எதிர்ப்பு 256. பத்துப் பேர் ஓட்டுப் போடவில்லை. பல கட்சிகளில் கொறடாவை மீறியவர்கள் இருந்தார்கள். ஆட்சி பிழைத்தது.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. 15,000 ரூபாய்க்குக் கேள்வி விற்றவர்கள் பதினோரு நாளில் வீட்டுக்குப் போனார்கள். ஒரு கோடி ரூபாய் கண்ணெதிரே மேஜையில் கிடந்த விவகாரம் குழு, போலீஸ், கோர்ட் என்று வருஷக்கணக்கில் இழுத்தது. கேள்விக்கு இருந்த அவசரம் ஓட்டுக்கு இல்லை.

அதற்குப் பின்னால் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 1993-ல் நரசிம்ம ராவ் ஆட்சி மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. ஓட்டுக்காகச் சில எம்.பி.க்கள் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு. 1998-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? பணம் வாங்கி, வாங்கியபடி ஓட்டும் போட்டவர்களுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டு, வழக்குப் போட முடியாது. பணம் வாங்கிவிட்டு ஓட்டுப் போடாமல் இருந்தவருக்குத்தான் பாதுகாப்பு இல்லை. அதாவது வாங்கிய காசுக்கு ஒழுங்காக வேலை பார்த்தால் தப்பிக்கலாம்! மூன்று தடவை படித்த பிறகுதான் நம்பினேன். 2008-ல் பை திறந்தபோது இந்தத் தீர்ப்புதான் நடைமுறையில் இருந்தது. 2024 மார்ச் 4-ம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் தூக்கிப் போட்டது.

அந்த இரண்டு நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி. எனக்கு இந்தக் கதையில் பிடித்த மனிதர் அவர்தான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா என்.சி. சாட்டர்ஜி இந்து மகாசபைத் தலைவர், அவரும் எம்.பி.யாக இருந்தவர். மகன் மார்க்சிஸ்ட். 1971-ல் ஆரம்பித்துப் பத்துத் தடவை மக்களவைக்கு ஜெயித்தவர். ஒரே ஒரு தடவை தோற்றார், 1984-ல் ஜாதவ்பூரில். தோற்கடித்தவர் அப்போது யாருக்கும் அதிகம் தெரியாத மம்தா பானர்ஜி. 2004-ல் போட்டியில்லாமல் சபாநாயகர் ஆனார்.

இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது குடியரசுத் தலைவரிடம் கொடுத்த எம்.பி.க்கள் பட்டியலில் சபாநாயகர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். பதவியை விட்டு இறங்கி வந்து எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும் என்பது கட்சியின் எதிர்பார்ப்பு. அவர் இறங்கவில்லை. சபாநாயகர் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பது அவர் நிலை. சபாநாயகருக்குச் சாதாரணமாக ஓட்டே கிடையாது, இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டும்தான். 22-ம் தேதி வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். 23-ம் தேதி கட்சி அவரை நீக்கியது. சுமார் நாற்பது வருஷ உறவு, ஒரே நாளில்.

கட்சி செய்தது சரி என்று வாதாடுபவர்களும் உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு தோழி நன்றாகவே வாதாடினாள். அவரைப் போல்பூரில் நிறுத்தி, சுவரில் பெயர் எழுதி, ஜெயிக்க வைத்தது கட்சிக்காரர்கள். ஜெயித்த பிறகு நான் கட்சிக்கு மேலே என்றால் அந்தத் தொண்டனுக்கு என்ன பதில்? நியாயமான கேள்விதான். கட்சித் தாவல் சட்டத்திலேயே சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டு விலகினால் பதவி போகாது என்று தனி விலக்கு இருக்கிறது. 1967-ல் சஞ்சீவ ரெட்டி அப்படித்தான் காங்கிரஸில் இருந்து விலகினார். சோம்நாத் 2004-லேயே அதைச் செய்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்றாள். அதுவும் சரி. ஆனாலும் 22-ம் தேதி அவர் இறங்கிப் போயிருந்தால், அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து எப்படி ஓட்டெண்ணியிருப்பார்கள் என்று யோசித்தால் நான் அவர் பக்கம்தான்.

மற்றபடி, சபை நடந்த நாட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதல் மக்களவை 677 நாள் கூடியது. இது 332 நாள். 2008-ல் மொத்த வருஷத்துக்கும் 46 நாள்! எங்கள் காலேஜில் அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. 2008 டிசம்பர் 23-ம் தேதி 17 நிமிடத்தில் எட்டு மசோதாக்களை நிறைவேற்றியிருக்கிறார்கள். ஒரு மசோதாவுக்கு இரண்டு நிமிடம் சொச்சம், கேன்டீனில் டீ வாங்கவே அதை விட நேரமாகும். 2009 பிப்ரவரியில் சோம்நாத் பொறுக்க முடியாமல், அமளி செய்தவர்களைப் பார்த்து, நீங்கள் எல்லோரும் வரும் தேர்தலில் தோற்க வேண்டும் என்றே சொல்லிவிட்டார்.

ஆனால் இதே ஆட்கள்தான் 2005 மே மாதம் தகவல் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியவர்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஊரக வேலை உறுதிச் சட்டம், 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம். 2008 ஏப்ரலில் நூறு நாள் வேலை எல்லா கிராமங்களுக்கும் வந்தது. எங்கள் அப்பாயி ஜாப் கார்டை மஞ்சப்பையில் சுற்றி பீரோவில் வைத்திருப்பார், ரேஷன் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. நானும் போன வருஷம் ஸ்காலர்ஷிப் ஏன் வரவில்லை என்று ஒரு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் கேட்டேன். நாலு மாதம் நேரில் போய்க் கேட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்கள், 28-வது நாள் ரிஜிஸ்டர் தபாலில் பதில் அனுப்பினார்கள். யாருடைய எம்.பி.யும் இல்லாமல் நானே கேட்ட கேள்வி அது, குலுக்கலும் கிடையாது. பணம் வாங்கிக் கேள்வி விற்ற பத்துப் பேரும் அந்தச் சட்டம் வந்த நாளில் சபையின் உறுப்பினர்கள்தான் என்பது நினைக்க நினைக்க விசித்திரமாக இருக்கிறது.

அப்புறம் அவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? நீக்கப்பட்டவர்களில் ராஜாராம் பால் என்பவர்தான் சுப்ரீம் கோர்ட் வழக்குக்குப் பெயர் கொடுத்தவர். 2005-ல் பகுஜன் சமாஜ். 2009-ல் காங்கிரஸ் டிக்கெட்டில் உத்தரப் பிரதேசம் அக்பர்பூரில் நின்றார். ஜெயித்து, அதே சபைக்குத் திரும்பி வந்தார்.

சோம்நாத் 2009-ல் நிற்கவில்லை. கட்சியும் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2018 ஆகஸ்ட் 13-ல் கொல்கத்தாவில் இறந்தபோது, உடல் மீது கட்சிக் கொடி போர்த்தட்டுமா என்று மார்க்சிஸ்ட் தலைவர்கள் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் விருப்பப்படி உடலை அரசு மருத்துவமனைக்குத் தானமாகக் கொடுத்தார்கள்.